பெரியம்மாவின் கைபேசிக்கு வந்த ஆறு இலக்கங்கள்

ஜனவரி இருபதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்குப் பெரியம்மாவின் கைபேசி ஒருமுறை ஒலித்து அடங்கியது. நேரத்தை நினைவிலிருந்து சொல்லவில்லை. அந்தக் குறுஞ்செய்தியின் தலைப்பிலேயே அது இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து, மழைநீரில் மூழ்கிக் கறுத்துப்போன நெல்லைப் பெரியம்மா புடைத்துக்கொண்டிருந்தாள். கோழிக்காவது ஆகும் என்பது அவள் கணக்கு. நான் கதவுக்கு உட்புறம் உட்கார்ந்து முதுகலை ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன். முறத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த கைபேசியை அவள் புரட்டிப் பார்த்தாள். திரையில் ஆறு இலக்கங்கள். அடுத்த நிமிடமே அழைப்பும் வந்தது. தலைமையாசிரியரின் மனைவி. வழக்கமாக அந்த அழைப்பு வந்ததும் பெரியம்மா எழுந்து நின்றுகொள்வாள், ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, “வந்துச்சாமா?” என்று கேட்டு, அவர் வைத்த பிறகே தானும் வைப்பாள். அன்று அவள் எழவில்லை. கைபேசி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் முறத்தின் விளிம்பைத் தட்டிப் பதரை ஒதுக்கினாள்.

“பெரிம்மா, போனு,” என்றேன்.

“கேக்குது. நான் இன்னா செவுடா,” என்றாள்.

பெரியம்மா என் அம்மாவுக்கு மூத்தவள். தாமல் ஏரியின் தண்ணீர் கடைசி மதகு வழியாக வந்து சேரும் எங்கள் ஊரில், ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலத்தைப் பதினாறு வருடங்களாக உழுதுவருகிறாள். நிலம் அவளுடையது அல்ல. காஞ்சிபுரம் நகரத்தில் குடியிருக்கும் ஒரு தலைமையாசிரியரின் மனைவிக்குப் பிறந்த வீட்டார் கொடுத்தது. பட்டா அந்த அம்மாளின் பெயரில் இருக்கிறது. பெரியம்மா குத்தகைக்கு உழுகிறாள்; போகத்துக்கு இத்தனை மூட்டை நெல் என்பது பேச்சு. அந்தப் பேச்சுக்கு எழுத்து கிடையாது. எங்கள் பக்கத்தில் யாருக்குமே கிடையாது. நிலத்துக்காரர் நெற்றியில் விபூதியோடு நிற்பார், உழுகிறவர் களத்தில் நிற்பார், வருஷப் பிறப்பன்று வெற்றிலையில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துக் கொடுத்தால் அந்த வருடமும் நிலம் உழுகிறவரிடம் இருக்கிறது என்று பொருள். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிற பெரியம்மா அந்த வெற்றிலையை வாங்கி நாணயத்தைத் தனியாக எடுத்து வைப்பாள். அதைச் செலவு செய்ததில்லை. அவள் அம்மாவும் அவள் அம்மாவின் அம்மாவும் இதே வயல்களில் கூலிக்கு நட்டவர்கள். விடியும்போது தெருமுனையில் நின்று ஒருவன் “ஏ, வாங்கடி” என்று கூப்பிட, அவர்கள் எழுந்து போவார்கள். பெரியம்மாவின் கண்ணில் நிலம் என்பது விளைச்சலுக்கு முன்னால் இதுதான்: தன்னை யாரும் தெருவில் நின்று கூப்பிடாத ஒரு காலை. அதை அவள் எனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. விடியும் முன்பே யாரும் கூப்பிடாமல் மண்வெட்டியோடு அவள் போகும் விதத்திலிருந்து நானே தெரிந்துகொண்டது.

கைபேசி எண் குழம்பிய கதை நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது நடந்தது. உழவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று தவணையாக மத்திய அரசு பணம் தரும் என்று அறிவித்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே பதிவு முகாம் நடத்தினார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். உழுகிறவர் யார் என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. தலைமையாசிரியர் அன்று தேர்வுப் பணியில் இருந்தார். மனைவியை ஷேர் ஆட்டோவில் அனுப்பிவிட்டு, துணைக்கு இருக்கும்படி பெரியம்மாவுக்குச் சொல்லியிருந்தார். வரிசை நகர்ந்து மேசைக்கு வந்தபோது பதிவு செய்கிற ஆள் கைபேசி எண் கேட்டான். அந்த அம்மாளிடம் கைபேசி இல்லை. கணவரின் எண்ணும் மனப்பாடம் இல்லை. முகத்தில் வியர்வை கோத்துக்கொண்டது. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பெரியம்மா தன் கைபேசியின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். அதில் நான் சிறு தாளில் எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டிக்கொடுத்த எண் இருந்தது. “இத்த எழுதிக்கோபா. அப்பால மாத்திக்கலாம்,” என்றாள். அவன் எழுதிக்கொண்டான். அப்பால யாரும் மாற்றவில்லை. அன்றிலிருந்து ஏழு வருடம், பணம் அந்த அம்மாளின் வங்கிக் கணக்குக்குப் போயிற்று. பணம் போய்விட்டது என்ற செய்தி பெரியம்மாவின் கைபேசிக்கு வந்தது.

முதல் செய்தி வந்தபோது அவள் நடவில் இருந்தாள். நான் பள்ளி விட்டு வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்தேன். கூட நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிராமலே, “இன்னாக்கா, உன் போனு கணுக்கு கணுக்குன்னு அடிச்சிக்கினே கீது. எவனாச்சும் மாப்ள கெடச்சிட்டானா,” என்றாள். “கெடச்சா உனக்குத்தான் மொதல்ல காட்டுவேன், உன் ஆளு மூஞ்சிக்கு அவன் தேவலான்னு நீயே சொல்லுவ,” என்று பெரியம்மா திருப்பிக் கொடுத்தாள். பிறகு சேற்றுக் கையை நீட்டாமல் மோவாயால் கைபேசியைக் காட்டி, என்னைப் படிக்கச் சொன்னாள். மரியாதையான வாக்கியங்கள். மாண்புமிகு உழவர் என்று தொடங்கி, அந்த அம்மாளின் பெயரைச் சொல்லி, தங்கள் தவணை தங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று முடிந்தது. பதினான்கு வயதில் நான் ஒரு சிறு பொய்யைச் செய்தேன். பெயரை மட்டும் விட்டுவிட்டு மீதியை வாசித்தேன். மாண்புமிகு உழவர் அவர்களே என்று கேட்டதும் நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு, அடுத்த நாற்றைச் சேற்றில் ஊன்றிக்கொண்டே, “பேர வுட்டுட்டியே கண்ணு. அத்தையும் படி,” என்றாள். படித்தேன். “ஆங். துட்டு அம்மாவுக்கு, சேதி எனக்கு. பொருத்தமாத்தான் பிரிச்சிருக்கான்,” என்றாள்.

அதில் கசப்பு இல்லை என்றே அன்று நினைத்தேன். வருடங்கள் போகப் போக அந்தச் செய்தியை அவள் எதிர்பார்க்கவும் தொடங்கினாள். தாமதமானால், “இன்னும் அம்மாவுக்கு வரல போல,” என்பாள். வந்தால் தானே அழைத்துச் சொல்லுவாள். வங்கி விவரம் புதுப்பிக்க, ஆதாரைச் சரிபார்க்க என்று அவ்வப்போது ஆறு இலக்க எண் வரும். எழுத்துத் தெரியாவிட்டாலும் இலக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாள். ஒரு பூட்டின் சாவி தன் இடுப்பில் இருக்கிறது, பெட்டி வேறொருவர் வீட்டில் இருக்கிறது என்பதுபோன்ற ஒரு நிலை அது. பெட்டியைத் திறக்க அவளைக் கேட்டாக வேண்டும். திறந்த பிறகு அவளுக்கு அங்கே வேலை இல்லை.

இந்த விவகாரத்தில் என் பங்கு சென்ற அக்டோபரில் நிகழ்ந்தது. எந்த வயலில் என்ன பயிர், பயிரிட்டவர் யார் என்று கைபேசிச் செயலியில் பதிவுசெய்ய ஊரில் படித்தவர்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகுமே என்று நானும் சேர்ந்தேன். ஒவ்வொரு புல எண்ணாகப் போய், வயலுக்குள் இறங்கி நின்று படம் எடுத்து, கேள்விகளுக்கு விடை நிரப்ப வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒரு கட்டத்தில் ஒன்றுதான் எழுத முடியும், அது சரியாக இருக்க வேண்டும் என்பது என் இயல்புக்கு ஒத்துவந்தது. பெரியம்மாவின் வயலுக்கு வந்தபோது நெல் முழங்கால் உயரம் இருந்தது. பயிர்: நெல். பாசனம்: ஏரி. பயிரிட்டவர் என்ற கட்டத்தில் ‘உரிமையாளர்’ என்பது முன்பே குறிக்கப்பட்டிருந்தது. மாற்ற வேண்டுமானால் ‘குத்தகைதாரர்’ என்பதைத் தொட்டுப் பெயரை எழுத வேண்டும். நான் தொட்டேன். பிறகு, கேட்டுவிட்டு எழுதுவதுதான் முறை என்று தோன்றியதால், “உங்க பேரப் போட்டுறட்டா பெரிம்மா?” என்றேன்.

களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “எங்க போவும் அது?”

“ஊர்ப் பயிர்க் கணக்கு, அடங்கல்ல வரும். தாசில்தார் ஆபீசுக்குப் போவும். யார் வேணா பாக்கலாம்.”

“சாரு பாப்பாரா?”

“பாக்கலாம்.”

“அப்ப அம்மா பேரயே போடு. எதுக்கு வம்பு. நல்லா வெளைஞ்சுக்கினு கீது, அது பேரு கேக்கல,” என்றாள். நான் மறுபடி ‘உரிமையாளர்’ என்பதைத் தொட்டேன். செயலி நன்றி தெரிவித்தது.

கார்த்திகை மழை கதிர் முற்றும் நேரத்தில் வந்தது. ஏரி நிரம்பி, உபரிநீர் போகும் கலங்கலில் வழிந்தது. எங்கள் பக்கத்து வயல்கள் பத்து நாள் தண்ணீருக்குள் இருந்தன. பெரியம்மா தினமும் போய் வரப்பில் நின்றுவிட்டு வருவாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் போனாள். தண்ணீர் வடிந்தபோது கதிர்கள் சேற்றோடு படுத்திருந்தன, சிலவற்றில் நெல் கதிரிலேயே முளைவிட்டிருந்தது. வெள்ள நிவாரணம் அறிவித்தார்கள். பொங்கலுக்கு முன் கிராம நிர்வாக அலுவலர் ஊராட்சி அலுவலக வாசலில் நின்று, களப் பதிவில் உள்ளபடி என்று சொல்லிப் பட்டியலை வாசித்தார். பெரியம்மாவின் வயலுக்கு நேராக அந்த அம்மாளின் பெயர் வந்தது. களப் பதிவு என்றால் நான். கூட்டத்தில் நின்றிருந்த ஒருவர், எங்கள் தெருக்காரர்தான், கெட்ட எண்ணம் உள்ளவர் அல்ல, உரக்கச் சொன்னார்: “வெள்ளத்துல முழுவனது நீ, கரையேறனது அம்மாவா? நல்ல கணக்குக்கா.” எல்லாரும் சிரித்தார்கள். அவளைச் சுற்றி ஏழு வருடமாகக் கேட்ட அதே சிரிப்புதான். ஆனால் அன்று அவள் சேர்ந்துகொள்ளவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஒரு வார்த்தையாவது என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகு வந்ததுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. பட்டியலில் உள்ளவர்கள் தங்கள் வங்கிக் கணக்கை உறுதிசெய்ய வேண்டும், மறுநாள் மாலை கடைசி என்று சொல்லியிருந்தார்கள். உறுதிசெய்யும் எண்தான் பெரியம்மாவின் கைபேசிக்கு வந்திருந்தது. பத்து நிமிடத்தில் அது காலாவதியாகும். மறுபடி வேறொரு எண் வந்தது. அதுவும் காலாவதியானது. இடையிடையே அழைப்புகள். பெரியம்மா புடைத்து முடித்து, தார்ப்பாயை உதறி மடித்து, என் அம்மா வைத்த சோற்றைச் சாப்பிட்டாள். நான் அவளிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கே தெரிந்திருக்காது. எண்ணைச் சொல்லாவிட்டால் அந்த அம்மாளுக்குப் பணம் போகாது, அவளுக்கும் வராது. ஏழு வருடத்தில் அவள் கைக்கு வந்த ஒரே அதிகாரம் அது, அதைக் கொண்டு அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

நான்கு மணிக்குத் தலைமையாசிரியர் ஸ்கூட்டரில் வந்தார். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் அவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் என்னைக் கம்பெனி வேலைக்கு அனுப்ப அப்பா முடிவு செய்தபோது, இதே வாசலில் நின்று ஒரு மணி நேரம் வாதாடி, கல்லூரி விண்ணப்பத்தைத் தம் கையால் நிரப்பிக் கொடுத்தவர். அரசு ஊழியரின் குடும்பத்துக்கும் மாதம் பத்தாயிரத்துக்குக் குறையாமல் ஓய்வூதியம் வாங்குகிற குடும்பத்துக்கும் உழவர் தவணை கிடையாது என்ற விதியை நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு அது ஒரு தவறாகத் தோன்றியதே இல்லை என்று நம்புகிறேன். நிலம் மனைவியுடையது, அரசு கொடுக்கிறது, வாங்குகிறோம். அவ்வளவு எளிதாகத்தான் அவர் அதை வைத்திருந்தார்.

அம்மா நாற்காலி போட்டாள். அவர் உட்கார்ந்து, “உடம்பு ஏதாவது சரியில்லையோன்னு பயந்துட்டோம்மா. அவங்க காலைலேர்ந்து போன் பண்ணிட்டே இருக்காங்க,” என்றார்.

“சார்ஜு இல்ல சார்,” என்றாள் பெரியம்மா. அந்த நேரம் பார்த்து அவள் மடியில் கைபேசி ஒளிர்ந்து அடித்தது. அவர் மனைவிதான். யாரும் எடுக்கவில்லை. அது ஓயும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இப்ப இருக்கு போல,” என்று அவர் சிரித்தார். பெரியம்மாவும் வேறு வழியில்லாமல் சிரித்தாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, “சார், ஒண்ணு கேக்கட்டா. லிஸ்ட்ல அம்மா பேரு கீது,” என்றாள்.

“நிலம் அவங்க பேர்ல இருக்கும்மா. அதனால.”

“நெலம் அவங்களுதுதான். முழுவனது என்னுது சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் இல்லைன்னு சொல்லலையே. வர்றதை அப்படியே கொண்டுவந்து உன் கையில குடுத்துடறேன். ஒரு பைசா எனக்கு வேணாம். இதோ, உன் பொண்ணே சாட்சி,” என்று என்னைக் காட்டினார்.

“துட்டுக்குக் கேக்கல சார்.”

“பின்ன என்னம்மா?”

பெரியம்மா சொல் தேடினாள். நாவும் கையும் வேகமான ஒருத்தி அப்படித் தேடி நான் பார்த்ததில்லை. “அடுத்த வாட்டி எழுத வர்றப்போ, பயிரு வெச்சது இவதான்னு எம் பேர ஒரு வரி போட்டுக்கினா போதும். நெலத்துல எனக்கு ஒண்ணியும் வாணாம். பயிருக்கு மட்டும்.”

அவர் மறுக்கும்போது குரல் உயரவில்லை. மாகறல் பக்கம் அவருடைய தாத்தாவுக்கு நிலம் இருந்ததாம். நம்பி ஒருவருக்குக் குத்தகை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாராம். அந்த வரியை வைத்துக்கொண்டு வழக்கு நடந்து, அவர் அப்பாவின் இளமை முழுவதும் நீதிமன்ற வாசலில் கழிந்து, கடைசியில் நிலமும் போயிற்றாம். “நீ அப்படிப் பண்ண மாட்ட. எனக்குத் தெரியும். ஆனா உனக்கு அப்புறம் யாரு வருவாங்க, அவங்க எப்படி இருப்பாங்க, யாருக்குத் தெரியும்? எனக்குப் பயமா இருக்கும்மா. பேரு எழுதித்தான் ஆகணும்னா நான் நிலத்தைச் சும்மா போட்டுடறதைத் தவிர வேற வழி இல்ல,” என்றார். அது மிரட்டல் அல்ல. அவர் உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார். மிரட்டலாக இருந்திருந்தால் எதிர்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீதானேம்மா பதிவு பண்ணின? என்னன்னு எழுதின?”

“உரிமையாளர்னு எழுதினேன் சார்.”

“ஏன்?”

“பெரிம்மா சொன்னாங்க.”

“பாத்தியா. அவங்களுக்கே தெரியுது,” என்றார் அன்பாக. என் ஆய்வேடு எந்த அளவில் இருக்கிறது என்றும் கேட்டார். இரண்டாம் இயல் என்றேன்.

அவருடைய கைபேசியிலிருந்து மனைவியை அழைத்து, மீண்டும் அனுப்பச் சொன்னார். பெரியம்மாவின் மடியில் ஒலி வந்தது. அவள் எழுந்து நின்றாள். அந்த எழுந்து நின்ற அசைவு எனக்கு மறக்கவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, முழு உயரத்துக்கும் எழுந்தாள். ஆறு இலக்கங்களையும் சொன்னாள். மறுமுனையில், “வந்துடுச்சு” என்ற குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

போவதற்காக ஸ்கூட்டரில் சாவியைப் போட்டவர், நினைத்துக்கொண்டவர்போல நின்றார். “ஒவ்வொரு தடவையும் உனக்கும் தொல்லை, அவங்களுக்கும் பதட்டம். அந்த நம்பரை என் நம்பரா மாத்திடலாம்மா.”

“எனக்கு ஒண்ணும் தொல்லை இல்ல சார்,” என்றாள் பெரியம்மா.

“இருக்கட்டும், எதுக்கு.”

“இல்ல சார், நெஜமாத்தான் சொல்றேன். வயல்ல இருந்தாலும் எடுத்துடுவேன். இன்னிக்கு ஒரு நாளுதான்.”

“அதுக்கில்லம்மா. எப்பவோ செஞ்சிருக்கணும். நாளைக்குக் காலைல சேவை மையத்துக்குப் போனை எடுத்துட்டு வந்தா அஞ்சு நிமிஷ வேலை,” என்றார், என்னைப் பார்த்து, “நீ வந்துடும்மா, அவங்களுக்கு நாத்து விடற வேலை இருக்கும்,” என்றார். அடுத்து வரும் நவரைப் போகத்துக்கு நாற்று விடலாம் என்பதை அவர் அப்படித்தான் தெரிவித்தார். நிலம் இந்தப் போகமும் அவளிடம் இருக்கிறது. பெரியம்மாவின் முகத்தில் அது வந்து சேர்வதை நான் பார்த்தேன். அவள் இரண்டு கையும் கூப்பினாள்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். மாசியில் நிவாரணம் வந்தது. ஒரு வெள்ளை உறையில் போட்டு, குறையாமல், தாமே கொண்டுவந்து கொடுத்தார். பெரியம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நல்லா இருக்கணும் சார் நீங்க, புள்ளகுட்டியோட,” என்றாள். தெருவே பார்த்தது. இப்படி ஒரு மனிதரா என்று இன்றும் பேசுகிறார்கள். நானும் மறுத்துப் பேசியதில்லை. அவர் நல்லவர்தான். அரசு அவள் பயிருக்குக் கொடுத்ததை அவர் தம் நல்ல குணத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது, அதற்கு அவள் அவரை வாழ்த்த வேண்டியிருந்தது. இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்கு இன்னும் எழுதத் தெரியவில்லை. எழுத முயலும்போதெல்லாம் என் விரல் அக்டோபர் மாதத்தில் ‘குத்தகைதாரர்’ என்பதைத் தொட்டு, பிறகு விட்டதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அவளைக் கேட்காமல் எழுதியிருந்தால் நிவாரணம் அவள் பெயரிலேயே வந்திருக்கும். நிலம் போயிருக்கும். கேட்டேன், நிலம் இருக்கிறது. எது சரி என்று என்னைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நிலத்தோடு சம்பந்தமில்லாதவர்கள்.

மறுநாள், புதன்கிழமை காலை, பெரியம்மா விடியும் முன்பே வந்து கைபேசியை என் தலைமாட்டில் வைத்துவிட்டு நாற்றங்காலுக்குப் போயிருந்தாள். ஒன்பது மணிக்கு நான் பேருந்தில் திருப்புட்குழி தாண்டிப் போய் இறங்கினேன். சேவை மையத்தில் தலைமையாசிரியரின் மனைவி எனக்கு முன்பே வந்து, முழங்கால் வலியால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரை அவ்வளவு அருகில் நான் பார்த்தது அதுவே முதல் தடவை. என் கையைப் பிடித்து, “அன்னிக்கு முகாம்ல உங்க பெரிம்மா இல்லைன்னா நான் அழுதே இருப்பேன்மா. ஏழு வருஷம் எனக்காக எண்ணு சொன்னாங்க. நேத்து கோபமா அவங்களுக்கு?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சார்ஜ் இல்லம்மா,” என்றேன்.

கணினியின் முன் இருந்த பெண் என் வயதுதான் இருப்பாள். புது எண்ணைத் தட்டினாள். பழைய எண்ணை விடுவிக்க அதே எண்ணுக்கு ஒரு சரிபார்ப்பு வரும், பத்து நிமிடம்தான் இருக்கும் என்றாள். என் உள்ளங்கையில் கைபேசி ஒலித்தது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்னென்னவோ நினைத்தேன். ஓய்வூதியக் குடும்பத்துக்கு இல்லாத தவணை குறித்து மாவட்ட ஆட்சியருக்கு ஒரு விண்ணப்பம், எழுவாய் பயனிலை பிசகாமல், மனத்துக்குள் முழுதாக உருவாகி நின்றது. அதன் கடைசி வரிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் ஒரு ஏக்கர் இருபது சென்ட்டும், தெருமுனையில் நின்று பெரியம்மாவைக் கூப்பிடும் ஒரு குரலும் இருந்தன. அந்த அம்மாள் நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்பர் வந்துச்சாங்க?” என்றாள் அந்தப் பெண்.

வந்துவிட்டது என்றேன். எழுந்து நின்றுதான் சொன்னேன் என்பது சொல்லி முடித்த பிறகே எனக்குத் தெரிந்தது. ஆறு இலக்கங்களையும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடம் விட்டு, அவள் திரும்பக் கேட்கத் தேவையில்லாதபடி தெளிவாகச் சொன்னேன்.